வாய்விட்டுச் சொல்ல ஓர் இடம்

உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் ஒருவர் மனத்தில் புகுந்துவிட்டால், அதனை அவர் பெரும்பாலும் மனைவி மக்களிடம் சொல்வதில்லை; உடன்பிறந்தாரிடமும் சொல்வதில்லை. ஊரும் பேரும் அறியாத ஒருவரிடம் சொல்லத் துணிகிறார். பஸ்ஸில் பக்கத்தில் அமர்ந்தவரிடமோ, நள்ளிரவில் டெலிபோனில் குரல் மட்டும் கேட்கும் ஒருவரிடமோ, கைப்பேசியினால் மட்டும் அறிமுகமான முகமறியாத நண்பரிடமோ உள்ளத்தைத் திறக்கிறார். சொந்தக்காரரை விட்டு அந்நியரை நாடுவது முதற்பார்வைக்கு விந்தையாகத் தோன்றலாம். சற்று ஆராய்ந்து பார்த்தால் விந்தை ஏதுமில்லை. அந்நியர் நாளைக் காலையில் தெருவில் எதிர்ப்படமாட்டார். நம்மைக் கண்டு பரிதாபப்பட்டு உச்சுக் கொட்டமாட்டார். அவர் வாயினால் நம் வீட்டுப் பெண்ணின் கலியாணம் நின்றுபோகாது.

இவ்வுண்மையை நன்கு உணர்ந்து ஒரு ஸ்தாபனம் கண்டவர் லண்டன் நகரத்துப் பாதிரியார் சாட் வாரா என்பவர். யாரிடமேனும் மனம்விட்டுப் பேசக் கிடைத்திருந்தால் பிழைத்திருக்கக்கூடிய ஒரு சிறுமியை அடக்கம் செய்ய நேர்ந்த துயரம், 1935 முதல் அவர் நெஞ்சில் இருந்து வந்தது. 1953 நவம்பரில் தமது கோயிலிலேயே ஒரு டெலிபோனை வைத்துக்கொண்டு, சாகத் துணிந்தவர் எவரும் தம்மை அழைக்கலாம் என்று அறிவித்தார். கூட்டம் பெருகிற்று. தம்மைப் பார்க்கக் காத்திருப்போருக்குத் தேநீர் கொடுத்து உடன் உட்கார்ந்திருக்கச் சில தொண்டர்களை அமர்த்தினார். அப்போது அவர் கண்டது யாதெனில், அத்தொண்டர்களுடன் பேசி முடித்த பலருக்குப் பாதிரியாரைப் பார்க்கவேண்டிய தேவையே இல்லாமற் போயிற்று என்பதே. தொண்டர்கள் வைத்தியரும் அல்லர், வேதாந்திகளும் அல்லர். பொறுமையாகக் காதுகொடுக்கத் தெரிந்த சாதாரண மக்கள். சில மாதங்களுக்குள் அவர் அப்பணியை அவர்களிடமே ஒப்படைத்துவிட்டார். அவ்வியக்கம் பின்னர் உலகின் பல நாடுகளுக்கும் பரவிற்று. சென்னையில் 1986-ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய 'சிநேகா' இவ்வழியில் வந்ததே. நமது புதுவை நகரிலும் 'மைத்ரேயி' என்ற பெயரில் ஓர் அமைப்பு இப்பணிக்கென்று ஏற்பட்டது.

புதுவைக்கு இஃது ஏன் இன்றியமையாதது என்பதைக் கணக்குகளே கூறும். தேசிய குற்றப்பதிவு ஆவணத்தின் கணக்குப்படி, 2015-ல் லட்சம் பேருக்கு 43.2 பேர் நமது பிரதேசத்தில் தற்கொலை செய்துகொண்டார்கள். நாடு முழுவதற்கும் சராசரி 10.6. இந்திய நாட்டிலேயே அவ்வருஷம் முதலிடம் நமக்கு! 2022-ல் இவ்விகிதம் 29.7 ஆகக் குறைந்தது; ஆயினும் 12.4 என்ற தேச சராசரிக்கு அஃது இரண்டு மடங்கிற்கும் மேலேயே நின்றது.

கூட்டுறவுக்காரர்களாகிய நாம் எதையும் கடன் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடப் பழகியவர்கள். 2022-ம் வருஷத்து அகில இந்தியக் கணக்கு நம்மைச் சற்றே திருத்துகிறது. குடும்பத் தகராறு நூற்றுக்கு 31.7, நோய் 18.4, கடனோ 4.1 தான். ஆனால் போலீஸ் ஏட்டில் ஒரு சாவுக்கு ஒரு காரணத்தைத்தான் எழுதுகிறார்கள். வாழ்க்கை அவ்வாறு பத்தி பிரித்து நடப்பதில்லை. தறி நின்றதனால் கடன், கடனால் வீட்டில் வாய்ச்சண்டை, சண்டையை மறக்கக் குடி, குடியினால் மேலும் கடன் என்று ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வருவதை முத்தியாலுப்பேட்டை நெசவாளரும் பாகூர் விவசாயியும் அறிவார்கள். 1898-ல் தோன்றிய ஆங்கிலோ-பிரெஞ்சு ஆலை 2020 ஏப்ரலோடு மூடப்பட்டபோது, சம்பளத்தோடு கூட 'இன்ன இடத்தில் வேலை' என்று சொல்லிக்கொள்ளும் கௌரவத்தையும் பலர் இழந்தார்கள். மானத்தைப் பெரிதாக எண்ணுவோர் வாய் திறப்பதும் அரிது.

நிற்க. ஓர் அங்கத்தினரின் குடும்பத்தில் நெருக்கடி வந்திருப்பது வைத்தியருக்குத் தெரிவதற்கு முன்பு, சில சமயம் மனைவிக்கே தெரிவதற்கு முன்பு, நமது சங்கத்தின் பேரேட்டுக்குத் தெரிந்துவிடுகிறது. ஒழுங்காகத் தவணை கட்டியவர் இரண்டு தவணை தவறுகிறார். வாரந்தோறும் துணி கொண்டுவந்து கொடுத்துப் பாவும் நூலும் வாங்கிச் சென்றவர் வராமல் இருக்கிறார். மகாசபையில் முதல் வரிசையில் உட்கார்ந்தவர் வாசற்படியோடு திரும்பிவிடுகிறார். இவற்றை நாம் வசூல் சம்பந்தமான விஷயங்களாக மட்டுமே பார்க்கிறோம். தவணை தவறியோர் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதும், மகாசபையில் பெயர் சொல்லிப் படிப்பதும் சில சங்கங்களில் இன்னும் வழக்கமாயிருக்கின்றன. வசூல் வேண்டாம் என்று நாம் சொல்லவரவில்லை. வசூலில்லாத சங்கம் ஒரு வருஷம் நில்லாது. கொடுக்கவேண்டிய நோட்டீஸை உறையிலிட்டு நேரில் கொடுத்தால் கடன் ஒரு ரூபாயும் குறைந்துவிடாது. தவணையை நீட்டித்துக் கொடுக்க வழியுண்டு என்பதையும் அந்த உறையோடு வாயினால் சொல்லலாம். ஊரறியப் பெயர் படிப்பதனால் வசூலானதாக நாம் தணிக்கை செய்த கணக்கு எதிலும் காணவில்லை. வாய் திறக்கத் துணியாதவர் மேலும் ஊமையாவதைத்தான் கண்டிருக்கிறோம்.

இனி, அத்தகைய ஒருவர் நம்மிடம் வந்து உட்கார்ந்தால், அல்லது நாமே அவர் வீட்டுத் திண்ணைக்குச் சென்றால், என்ன பேசுவது? இங்கேதான் நல்லவர்களும் தடுமாறுகிறார்கள். "உன்னைவிடக் கஷ்டப்படுகிறவன் எத்தனையோ பேர்" என்பார்கள். "பிள்ளை முகத்தைப் பார்த்தாயா?" என்பார்கள். கேட்பவருக்கோ, தாம் சாகவும் தகுதியற்ற கோழை என்று தீர்ப்பளித்ததுபோல் இருக்கும். முதலில் வேண்டுவது நம் வாயை அடக்குவது. அவர் சொல்வதை இடைமறிக்காமல் கேட்கவேண்டும். சொல்லி முடிக்கையில் அழுதால் அழவிடவேண்டும்.

இரண்டாவது விஷயத்தில் நம் ஜனங்களிடையே ஒரு பெருந்தப்பெண்ணம் உண்டு. சாவைப்பற்றி வாயெடுத்துக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே உண்டாக்கினதாக ஆகிவிடும் என்று அஞ்சுகிறார்கள். ஆராய்ச்சி செய்தவர்கள் அவ்வாறு காணவில்லை. "அண்ணே, உயிரையே விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று அமைதியாக, சுற்றிவளைக்காமல் கேட்கலாம். தோன்றாதவர் தோன்றவில்லை என்பார். தோன்றுகிறவருக்கோ, சொல்லமுடியாததைச் சொல்ல ஒருவர் வாசல் திறந்தாற்போலாகும். சாக நினைப்பவருள் பெரும்பாலோர் இருமனப்பட்டே இருக்கிறார்கள். வாழ்வை வெறுப்பதைவிட, இந்த வேதனை ஓயாதா என்று ஏங்குகிறார்கள். அந்த வேகம் தணியும்வரை துணையாக ஒருவர் இருந்துவிட்டால் பிழைத்துவிடுவோர் மிகப் பலர்.

ஆகையால் 'ஆம்' என்ற பதில் வந்தால் அவரைத் தனியே விட்டு வரலாகாது. "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று சத்தியமும் செய்து கொடுக்கலாகாது; "உங்களைக் காப்பாற்ற எவரிடம் சொல்லவேண்டுமோ அவரிடம் மட்டும் சொல்வேன்" என்பதே நேர்மை. ஆபத்தான பொருள்கள் கைக்கெட்டாமல் பார்த்துக்கொண்டு, அன்றே ஜிப்மர் முதலிய ஆஸ்பத்திரிகளின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லவேண்டும். டெலிபோனில் பேச விரும்புவோருக்கு மத்திய சர்க்கார் 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி-மானஸ்' உண்டு. எண் 14416, இரவு பகல் எந்நேரமும், கட்டணமின்றி, தமிழிலும் பேசலாம். சென்னை சிநேகாவின் எண் 044-24640050. சங்கக் கட்டடத்தின் வாசற்புறத்தில் இவ்வெண்களைப் பெயிண்டினால் எழுதிவைக்க ஆகும் செலவைத் தணிக்கையில் எவரும் ஆட்சேபிக்கமாட்டார்கள்.

ஒருமுறை காப்பாற்றியதோடு வேலை முடிந்தது என்று எண்ணலாகாது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆதரவில் சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து நாட்டு ஊர்களில் நடந்து 2008-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று நம் போன்றோர்க்கு மிகவும் பயன்படுவது. தற்கொலைக்கு முயன்று ஆஸ்பத்திரிக்கு வந்த 1,867 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றொரு பிரிவினருக்கு அதனோடு ஒருமணி நேர உரையாடல், பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை நேரிலோ டெலிபோனிலோ நலம் விசாரிப்பு, அவ்வளவே. அக்காலத்தில் முதற்பிரிவில் தற்கொலையால் இறந்தோர் நூற்றுக்கு 2.2, இரண்டாம் பிரிவில் 0.2. புதிதாக மருந்து எதுவும் கொடுக்கவில்லை; போய் விசாரித்தார்கள். வசூலுக்கு வருஷம் பன்னிரண்டு முறை ஒரு வீட்டுக்குச் செல்லும் நமக்கு ஒன்பது முறை நலம் விசாரிக்கச் செல்வது இயலாத காரியமா?

விவசாய சங்கங்களுக்குத் தனியே ஒரு சொல். கிராமத்தில் ஒரு கண வேகத்தில் நடக்கும் விபரீதங்களுக்குப் பூச்சிமருந்து வீட்டுப் பரணில் இருப்பதே பல சமயம் துணையாகிறது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் சிநேகா அமைப்பினர் ஒரு பரிசோதனை செய்தார்கள். மருந்தை வீட்டில் வைக்காமல், ஊருக்குப் பொதுவான ஒரு கட்டடத்தில் தனித்தனிப் பூட்டுப்பெட்டிகளில் வைத்து, வேண்டும்போது எடுத்துச் செல்ல ஏற்பாடு செய்தார்கள். விவசாயிகள் அதை விருப்பத்தோடு ஏற்றுக்கொண்டதாக 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். சிறிய அளவில் நடந்த முயற்சிதான். எனினும் உரக்கிடங்கும் பூட்டும் கணக்கெழுதும் ஆளும் உள்ள நமது சங்கங்களைப்போல் இதற்கு ஏற்ற இடம் வேறில்லை. வில்லியனூர், பாகூர் வட்டாரச் சங்கங்களின் நிர்வாகக் குழுவினர் இதை ஆலோசிக்கவேண்டும்.

போலீஸ் பயத்தால் பல குடும்பங்கள் முயற்சியை மறைத்து, சிகிச்சையையும் தாமதப்படுத்துகின்றன. முயன்று பிழைத்தவரைத் தண்டிக்க முன்பு இடம் தந்தது இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு. 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், அவ்வாறு முயன்றவர் கடும் மன நெருக்கடியில் இருந்தவரென்றே கொள்ளவேண்டும், தண்டிக்கலாகாது, சர்க்கார் அவருக்குச் சிகிச்சையளிக்கக் கடமைப்பட்டது என்று கூறிற்று. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் அந்தப் பழைய பிரிவு இடம்பெறவில்லை. இதனைச் சங்கத்துக்கு வரும் பெண் அங்கத்தினர்களிடம் முக்கியமாக எடுத்துச் சொல்லவேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா வேண்டாமா என்று அந்த நேரத்தில் முடிவு செய்பவர்கள் பெரும்பாலும் அவர்களே.

இப்பணியில் இறங்குவோர் தனியாளாக இறங்கவேண்டாம். பிறர் துயரத்தை நாள்தோறும் கேட்பது மனத்தை அரிக்கும். ஒவ்வொரு சங்கத்திலும் இருவரை, ஒருவரேனும் பெண்ணாக, வசூல் பொறுப்பு இல்லாதவராகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தல் நலம். அவர்கள் வீடு தேடி வரும்போது கையில் ரசீதுப் புத்தகம் இருக்கக்கூடாது.