பட்டணத்துப் பூனைக்கு மணி கட்டுவது யார்?

"ஐயா, நாங்க தோட்டத்துல இருந்தப்போ பூனைய யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்ல. இங்க பினாங்கு பட்டணத்துல பிளாட்டுக்கு வந்து மூனு மாசம்தான் ஆவுது. கதவுல கடுதாசி ஒட்டிட்டுப் போயிட்டாங்க. மூனு நாளைக்குள்ள பூனைய எடுத்துரணுமாம். மகளுக்கு வேற இது நாலாம் மாசம். பூனை முடி வயித்துல போனா புள்ளைக்கு ஆகாதுன்னு பக்கத்து வீட்டு அக்கா சொல்றாங்க. இவரு சந்தைப் பக்கம் கொண்டுபோய் விட்டுட்டு வரேங்கறாரு. நான் என்னங்க செய்யறது?"

ஒரு தாயார் கேட்ட கேள்வி இது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட பிறகு பத்து காவான் போன்ற இடங்களில் பால் மரமும் செம்பனையும் நின்ற மண்ணில் தொழிற்சாலையும் அடுக்குமாடியும் எழுந்துவிட்டன. லயத்து வீட்டைவிட்டு பிளாட்டுக்குப் போன குடும்பங்கள் ஏராளம். அவர்களோடு பூனையும் போயிற்று. ஆகவே இந்தக் கேள்வி அந்த அம்மாவுக்கு மட்டும் உரியதல்ல. சட்டம் என்ன சொல்கிறது, வைத்தியம் என்ன சொல்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சட்டம் என்ன சொல்கிறது?

பினாங்கில் நாய் வளர்க்க லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். பூனைக்கு அப்படிப்பட்ட லைசென்ஸ் வழக்கம் இங்கே வேரூன்றவில்லை. அதனால் பூனைக்குச் சட்டமே கிடையாது என்று எண்ணிவிடக் கூடாது. மூன்று சட்டங்களை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, 1976-ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டம். அக்கம் பக்கத்தாருக்குத் தொல்லையாகவோ சுகாதாரக் கேடாகவோ இருக்கும்படி பிராணிகளை வளர்த்தால், மாநகர் மன்றம் தலையிட இச்சட்டம் இடம் தருகிறது. ஒரு பூனை வளர்ப்பது குற்றமில்லை. இருபது பூனைகளை ஒரு வீட்டில் அடைத்து, நாற்றம் மாடிப்படி வரைக்கும் அடித்தால் அது வேறு விஷயம்.

இரண்டாவது, 2013-ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டம். இதன் கீழ் 2015-இல் விதிகள் வந்தன. குடியிருப்பு மாடிகளில், மற்றவர்களுக்குத் தொல்லை தரும் பிராணியையும், அவர்கள் பாதுகாப்புக்கோ சுகாதாரத்துக்கோ ஆபத்தான பிராணியையும் வைத்திருக்கக் கூடாது. நிர்வாகம் எழுத்து மூலம் அறிவித்தால் மூன்று நாளுக்குள் அகற்ற வேண்டும். அந்த அம்மாவின் கதவில் ஒட்டிய மூன்று நாள் இங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஆனால் விதியை நன்றாகப் படியுங்கள். "பூனையே கூடாது" என்று அது சொல்லவில்லை. தொல்லை இருக்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. என்ன தொல்லை, யாருக்குத் தொல்லை என்று மரியாதையாகக் கேட்க நமக்கு உரிமை உண்டு. வாடகை வீடு என்றால் ஒப்பந்தக் கடுதாசியையும் எடுத்துப் பாருங்கள். அதில் தனியாக நிபந்தனை இருக்கலாம்.

மூன்றாவது, 2015-ஆம் ஆண்டின் பிராணி நலச் சட்டம். இது 2017-இல் அமலுக்கு வந்தது. வளர்ப்பவர் தம் பிராணிக்குத் தீனி, தண்ணீர், தகுந்த இடம், நோய்க்கு வைத்தியம் கொடுக்கக் கடமைப்பட்டவர். அடித்துச் சித்திரவதை செய்தால் அபராதம் 20,000 வெள்ளிக்குக் குறையாது, 100,000 வெள்ளி வரை போகும்; மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. இது ஏட்டுச் சட்டம் அல்ல. 2018-இல் கோம்பாக்கில் ஒரு சுயசேவை சலவைக் கடையில் சினைப் பூனையைத் துணி காய வைக்கும் இயந்திரத்தில் போட்டுக் கொன்றார்கள். 2019-இல் அந்த வழக்கில் ஒருவருக்கு 34 மாதச் சிறையும் 40,000 வெள்ளி அபராதமும் விதிக்கப்பட்டன. "பூனைதானே!" என்று விஷம் வைக்க நினைப்பவர்கள் இதை நினைவில் வைக்கட்டும்.

சிங்கப்பூரில் வேறு வழி

பக்கத்து நாட்டுக் கதையும் பயன்படும். சிங்கப்பூர் அரசாங்க அடுக்குமாடிகளில் 1989 முதல் பூனை வளர்க்கத் தடை இருந்தது. தடை இருந்தும் மக்கள் ஒளித்து வளர்த்தார்கள். ஒளித்து வளர்த்த பூனையை வைத்தியரிடம் காட்டப் பயந்தவர்களும் உண்டு. கடைசியில் 2024 செப்டம்பர் 1 முதல் முறையை மாற்றினார்கள். ஒரு வீட்டுக்கு இரண்டு பூனை வளர்க்கலாம். ஆனால் லைசென்ஸ் எடுத்து, தோலுக்கடியில் அரிசி அளவு மைக்ரோசிப் வைக்க வேண்டும். தொலைந்த பூனைக்குச் சொந்தக்காரர் யார் என்று அந்தச் சிப்பே சொல்லிவிடும். வெறும் தடை செய்யாத வேலையை ஒழுங்குமுறை செய்யும் என்பதுதான் இதில் பாடம்.

நோய் விஷயம்

இனி அந்த அக்கா சொன்னதற்கு வருவோம். பூனை முடியால் வயிற்றுப் பிள்ளைக்குக் கேடு என்பது தவறு. ஆனால் அந்தப் பயத்துக்குப் பின்னால் ஓர் உண்மை இருக்கிறது. "டோக்சோபிளாஸ்மா" என்ற கண்ணுக்குத் தெரியாத கிருமி பூனையின் மலத்தில் வரும். கர்ப்பிணிக்கு இது முதல் தடவையாகத் தொற்றினால் குழந்தையின் கண்ணையும் மூளையையும் பாதிக்கலாம். கருச்சிதைவும் ஏற்படலாம்.

ஆனால் எந்நேரமும் பூனை இதைப் பரப்புவதில்லை. முதன்முதல் தொற்றிய பிறகு ஒன்று முதல் மூன்று வாரம் வரைதான் பெரும்பாலும் வெளியேற்றும். வெளியே வந்த கிருமி தொற்றும் சக்தி பெற ஒரு நாளாவது ஆகும். ஆகவே மலத்தை அன்றன்றே அள்ளிக் கட்டிக் குப்பையில் போட்டால் ஆபத்து பெரிதும் குறைந்துவிடும். அந்த வேலையைக் கர்ப்பிணி செய்யக் கூடாது. வீட்டில் வேறொருவர் செய்ய வேண்டும். சரியாக வேகாத இறைச்சி, கழுவாத கீரை, மண்ணைக் கிளறிய கை ஆகியவற்றாலும் இதே கிருமி வரும். பூனையைத் துரத்திவிட்டு அரைவேக்காட்டு இறைச்சி சாப்பிட்டால் என்ன பயன்? கிளினிக்குக்குப் போகும்போது "வீட்டில் பூனை இருக்கிறது" என்று நர்சிடம் சொல்லிவிடுங்கள்.

இதைவிட நம்மவர் கவனிக்க வேண்டியது பூனைப் புண். நம் நாட்டில் "ஸ்போரோத்ரிக்ஸ்" என்ற பூஞ்சை பூனைகளிடம் காணப்படுகிறது. மூக்கிலும் முகத்திலும் காலிலும் ஆறாத புண் உள்ள பூனை பிராண்டினால், மனிதனுக்குச் சில வாரத்தில் கையில் கட்டி வந்து உடையும். பிறகு கையோடு வரிசையாக மேலே ஏறும். சாதாரண சிரங்கு மருந்துக்கு அடங்காது. பூஞ்சை மாத்திரை மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும். முள் குத்தியும் மண்ணிலிருந்தும் இது வரும் என்பதால் தோட்டத்தில் வேலை செய்வோர் டாக்டரிடம் இரண்டையும் சொல்ல வேண்டும்: "பூனை பிராண்டிச்சு, முள்ளும் குத்திச்சு" என்று.

பூனைக் கடி பார்வைக்கு ஊசி குத்தியது போல் சின்னதாக இருக்கும். ஆனால் பல் கூர்மையானது. கிருமியை ஆழத்தில் விட்டுவிடும். ஒரு நாளில் கை வீங்கிச் சிவக்கும். நீரிழிவு உள்ளவர்கள் "நாளைக்குப் பார்ப்போம்" என்று இருக்கவே கூடாது.

வெறிநோயை மறக்க வேண்டாம். 2015 செப்டம்பரில் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் நாய்களுக்கு இந்நோய் பரவியதாக அறிவிக்கப்பட்டது. பினாங்கில் தெரு நாய்களைக் கொல்ல உத்தரவு வந்தது. கொல்வதற்குப் பதில் ஊசி போடுங்கள் என்று பெரிய எதிர்ப்பும் கிளம்பியது. சரவாக்கில் 2017 ஜூலையில் அறிவிக்கப்பட்ட தொற்று டஜன் கணக்கில் மனிதர்களைப் பலி வாங்கியது. நாயால்தான் பெரும்பாலும் பரவும். ஆனால் நோய் கண்ட நாய் கடித்த பூனையும் கொண்டுவரும். அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. தடுப்பூசியோ உயிரைக் காக்கும்.

கடித்தாலோ பிராண்டினாலோ

உடனே சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித் தூள் எதுவும் அப்ப வேண்டாம். அன்றைக்கே கிளினிக்குக்குப் போய், எந்தப் பூனை, தெருவிலா வீட்டிலா என்று சொல்லுங்கள். டெட்டனஸ் ஊசியும் வெறிநோய் ஊசியும் வேண்டுமா என்று டாக்டர் முடிவு செய்வார். பிள்ளைகள் அடிக்குப் பயந்து மறைப்பார்கள்; அவர்களைத் திட்டாதீர்கள்.

தெருப் பூனைக்கு என்ன வழி?

ஜார்ஜ்டவுன் பூனைகள் பேர்போனவை. 2013-இல் ஓவியர்கள் "101 தொலைந்த பூனைக்குட்டிகள்" என்று பட்டணத்துச் சுவர்களில் பூனைகளை வரைந்தார்கள். ஆதரவற்ற பிராணிகளை நினைவுபடுத்தத்தான் அப்படிச் செய்தார்கள். வெளியூர்க்காரர் அங்கே படம் எடுத்துக்கொள்கிறார். அதே தெருவின் பின்சந்தில் உயிருள்ள குட்டி பசியால் கத்துகிறது.

கணக்கைப் பாருங்கள். பெண் பூனை பிறந்த ஐந்தாறு மாதத்திலேயே சினையாகும். ஒன்பது வாரத்தில் குட்டி போடும். ஒரு ஈற்றுக்கு நான்கு குட்டி, ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈற்று. பிடித்து அப்புறப்படுத்தினாலும், சாப்பாட்டு மிச்சமும் திறந்த குப்பைத் தொட்டியும் இருக்கும் இடத்துக்கு வேறு பூனை வந்து சேரும். அதனால்தான் பிடித்து, கருத்தடை ஆபரேஷன் செய்து, பழைய இடத்திலேயே விடும் முறையைப் பல ஊர்களில் கையாள்கிறார்கள். காது நுனி சிறிது வெட்டப்பட்டிருந்தால் அது ஆபரேஷன் ஆன பூனை என்று அடையாளம். ஒன்றிரண்டுக்குச் செய்து நிறுத்தினால் பலன் இல்லை. அந்த வட்டாரத்தில் பெரும்பாலான பூனைக்குச் செய்ய வேண்டும், குப்பையையும் மூட வேண்டும்.

"பூனை இல்லாட்டி எலி வந்துருமே?" என்பார்கள். சாப்பாட்டுக் குப்பை கிடக்கும் இடத்தில் பூனையும் எலியும் ஒன்றாகவே பிழைக்கும். செம்பனைத் தோட்டத்தில் எலியை அடக்கக் கூகைக்குப் பெட்டி வைப்பது உங்களுக்குத் தெரியும். பட்டணத்தில் எலியை அடக்குவது மூடி போட்ட குப்பைத் தொட்டிதான்.

அந்த அம்மாவுக்குப் பதில்

அம்மா, பூனையைச் சந்தையில் விட வேண்டாம். அங்கே அது குட்டி போட்டுப் பெருகும், அல்லது அடிபட்டுச் சாகும். நாளைக்கே நிர்வாக ஆபீசுக்குப் போய் என்ன புகார் என்று கேளுங்கள். மாடிப்படியில் அசிங்கம் செய்கிறது என்றால், இனி வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்து அவகாசம் கேளுங்கள். ஜன்னலுக்கு வலை அடியுங்கள். கருத்தடைக்கும் ஊசிக்கும் மிருக வைத்தியரிடமோ ஜெலுத்தோங்கில் உள்ள பிராணி வதைத் தடுப்புச் சங்கத்திடமோ விசாரியுங்கள். மண்தட்டை உங்கள் வீட்டுக்காரர் அள்ளட்டும், மகள் தொட வேண்டாம். அப்படியும் நிர்வாகம் ஒப்பவில்லை என்றால், நல்ல வீடாகப் பார்த்து ஒப்படையுங்கள்.

மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு பூனையின் ஆபரேஷன் செலவு ஒரு குடும்பத்துக்குப் பாரம். பத்து வீடு சேர்ந்தால் பாரமில்லை. தனி ஆளாக நின்றால் கேட்க நாதியில்லை என்று தெரிந்துதானே தோட்டத்தில் நாம் சங்கம் கட்டினோம்? பிளாட்டிலும் அப்படியே கூடிப் பேசுங்கள். மலாய்க்காரர் வீட்டிலும் சீனர் வீட்டிலும் பூனை உண்டு, அவர்களையும் கூப்பிடுங்கள். பூனைக்கு யார் மணி கட்டுவது என்று எலிகள்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தன. நாம் எலிகள் அல்லவே!