மேலே பளபளப்பு, அடியில் உளுத்த கட்டை! வீட்டு ஷெட்டில் படகு புதுப்பிப்பவர்கள் படும் பாடு

சிலருக்குப் பழைய நாணயம் சேர்க்கும் ஆசை. சிலருக்குத் தபால் தலை. அமெரிக்காவில் சிலருக்கு ஒரு விநோத ஆசை உண்டு.

அறுபது, எழுபது வருடத்துக்கு முந்திய மர மோட்டார் படகை வாங்குவது. அதை வீட்டுக் கார் ஷெட்டில் ஏற்றி வைப்பது. தன் கையாலேயே புதுசு மாதிரி ஆக்குவது!

கார் வெளியே பனியில் நிற்கும். படகு உள்ளே சொகுசாக உட்கார்ந்திருக்கும். வீட்டுக்கார அம்மாள் முணுமுணுப்பார். ஆசாமி காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

"ஒரு குளிர்காலத்தில் முடித்துவிடலாம்" என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். வருடக்கணக்காக முடியாமல் கிடக்கும் படகுகள் ஏராளம். கழற்றிய சாமான்களைப் பெட்டியில் போட்டு, படகோடு சேர்த்து அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகிறவர்களும் உண்டு.

காசு போனால் போகிறது. கவனம் தப்பினால் வீடே போய்விடும். உயிரும் போகும். அதனால்தான் இந்த விஷயம் இந்தப் பக்கத்துக்கு வந்தது.

அல்கோனாக் படகு

இந்தப் படகுகளில் பேர்போனது "கிரிஸ் கிராப்ட்".

மிச்சிகன் மாநிலத்தில் செயின்ட் கிளேர் ஆற்றங்கரையில் அல்கோனாக் என்று ஒரு சின்ன ஊர். அங்கே வாத்து வேட்டைக்காரராக இருந்தவர் கிரிஸ்டோபர் ஸ்மித். வேட்டைக்குப் படகு கட்டப் போய், படகு கட்டுவதே தொழிலாகிவிட்டது. 1922-ல் மகன்களைச் சேர்த்துக்கொண்டு கம்பெனி தொடங்கினார். பக்கத்து டெட்ராய்டில் கார் செய்கிற மாதிரி, ஒரே மாடலை வரிசையாகக் கட்டி விற்றார்கள்.

உடம்பு முழுக்க மகாகனிப் பலகை. மேலே கண்ணாடி போல வார்னிஷ். குரோமியம் பூசிய பிடிகள், விளக்குகள். 1950-ல் இன்னொரு வித்தையும் செய்தார்கள். பலகைகளை அறுத்து, பெட்டியில் அடுக்கி விற்றார்கள். வாங்கியவர் வீட்டிலேயே பூட்டிக்கொள்ள வேண்டியது!

அப்புறம் பைபர் கிளாஸ் வந்தது. அழுகாது, உளுக்காது, வருடா வருடம் வார்னிஷ் வேண்டாம். 1970-களின் தொடக்கத்தோடு கம்பெனி மரப் படகுக்கு முழுக்குப் போட்டது. ஏரிக்கரைக் கொட்டகைகளில் கிடந்தவற்றில் எத்தனையோ அடுப்புக்குப் போயின.

ஆனால் ஆசை விடவில்லை. 1975-ல் நியூயார்க் மாநிலத்து ஜார்ஜ் ஏரிக்கரையில் பழம் படகுக்காரர்கள் ஒரு சங்கம் கண்டார்கள். 1981-ல் "ஆன் கோல்டன் பாண்ட்" என்ற படம் வந்தது. ஹென்றி போண்டா, கேதரின் ஹெப்பர்ன் நடித்தது. அதில் இன்னொரு "நடிகரும்" உண்டு: 22 அடி நீள கிரிஸ் கிராப்ட். படம் பார்த்தவர்கள் கிழவரை மட்டுமா பார்த்தார்கள்? படகையும்தான் பார்த்தார்கள்!

படகுக்கு ஜாதகம்

வாங்குகிறவர் முதலில் துப்பறிய வேண்டும். படகின் மரத்திலேயே ஒரு நம்பர் அடித்திருக்கும். கார் சேசிஸ் நம்பர் மாதிரி. அந்த நம்பரை வர்ஜினியா மாநிலம் நியூபோர்ட் நியூஸ் ஊரில் உள்ள கடல் மியூசியத்துக்கு எழுதிக் கேட்கலாம். கம்பெனியின் பழைய ரிக்கார்டுகள் அங்கேதான் இருக்கின்றன.

எந்த எஞ்சினோடு வெளியே போனது, என்ன கலர், எந்த வியாபாரிக்கு அனுப்பினார்கள் என்று ஒரு கார்டில் எழுதியிருக்கும். "ஒரிஜினல் எஞ்சின்தான் சார்" என்று விற்கிறவர் அளக்கிற கதை அங்கே வெளுத்துப்போகும்.

எஞ்சினில் இன்னொரு வில்லங்கம். இந்தப் பழைய எஞ்சின்களுக்கு ஏரித் தண்ணீரையே இழுத்துத்தான் குளிர்ச்சி. குளிர்காலத்துக்கு முன்னால் தண்ணீரை வடிக்க மறந்தால் உள்ளே ஐஸாகி விரியும். இரும்பு பிளாக்கே வெடித்துவிடும். வெளியே பெயிண்ட் அடித்து மறைத்திருப்பார்கள்.

ஊறிய ரஸ்க்

அடுத்தது ஸ்குரூ டிரைவர் சோதனை. மேலே வார்னிஷைப் பார்த்து மயங்கக்கூடாது. படகுக்கு அடியில் படுத்து, ஒவ்வொரு கட்டையாகக் குத்திப் பார்க்க வேண்டும். நல்ல மரத்தில் இறங்காது. உளுத்த மரத்தில், டீயில் ஊறிய ரஸ்க்கில் விரல் போகிற மாதிரி போகும்.

எங்கே உளுக்கும்? மழைத் தண்ணீர் தேங்குகிற இடத்தில். முதுகெலும்பு மாதிரி ஓடும் அடிக்கட்டை, மூக்குக் கட்டையும் அதுவும் சேரும் மூட்டு, பின் பலகையின் ஓரம். ஏரித் தண்ணீரை விட மழைத் தண்ணீர்தான் மரப் படகுக்குப் பெரிய எதிரி என்றால் பலர் நம்புவதில்லை.

பெரும்பாலான படகுகளின் அடிப்பாகம் இரட்டைப் பலகை. உள்ளே மெல்லிய அடுக்கு, வெளியே கனமான அடுக்கு. நடுவில் பசை தோய்த்த கித்தான் துணி. கட்டிய புதிதில் அருமையான வேலை. பல வருடம் போனபின் அந்தத் துணியே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, இரண்டு பலகையையும் நடுவிலிருந்து தின்றுவிடும். வெளியே ஒன்றும் தெரியாது.

ஆகவே அடிப்பாகம் முழுவதையும் பிரித்துப் போட்டுப் புதிதாகக் கட்டுவதுதான் வழக்கம். அதற்கு ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள படகைக் குப்புறக் கவிழ்க்க வேண்டும்! எஞ்சினை எடுத்து, சங்கிலி கட்டி, அக்கம்பக்கத்து நண்பர்களைப் பீர் வாங்கித் தருவதாக ஆசைகாட்டிக் கூப்பிட வேண்டும். (பீர் கவிழ்த்த பிறகுதான். முன்னால் அல்ல.)

முட்டுக் கொடுப்பதில் பிசகினால் படகு வளைந்துவிடும். வளைந்த படகில் புது அடிப்பலகை அடித்தால் ஆயுசுக்கும் கோணல்தான்.

திருகாணி தொல்லை

ஒரு படகில் ஆயிரக்கணக்கில் திருகாணி. ஒவ்வொன்றின் தலையையும் ஒரு சின்ன மர வில்லை மூடியிருக்கும். வில்லையைத் தோண்டி, திருகாணியின் காடியைச் சுத்தம் செய்து, மெதுவாகத் திருக வேண்டும். பாதி வரும். மீதி தலை பிய்ந்து போகும்.

புதிதாகப் போடுவது சிலிக்கான் வெண்கலத் திருகாணி. மேலே மறுபடி வில்லை. வில்லையின் ரேகை, பலகையின் ரேகை ஓடும் பக்கமே ஓட வேண்டும். திருப்பி வைத்துவிட்டால் வார்னிஷ் அடித்தபின் அம்மைத் தழும்பு மாதிரி தெரியும். இந்த வேலைக்குப் பொறுமை வேண்டும். கோபக்காரர்கள் கிட்டே வரக்கூடாது.

இங்கே ஒரு பெரிய வழக்கும் நடக்கிறது. கோர்ட்டில் அல்ல, படகுக்காரர்களுக்குள். "பழைய முறைப்படியே கட்டு" என்பது ஒரு கட்சி. கித்தானை விட்டுவிட்டு "5200" என்ற ரப்பர் மாதிரிப் பசையைப் பலகைகளுக்கு நடுவே பூசி, ஒழுகாமல் அடைத்துவிடு என்பது இன்னொரு கட்சி. பசை போட்டால் அப்புறம் பிரிக்கவே முடியாது என்று பழைய கட்சி சொல்கிறது. பிரிக்கவே வேண்டாமே என்கிறது புதுக் கட்சி. பெண்டாட்டி பிள்ளைகளோடு ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போகிறவர்களுக்குப் புதுக் கட்சிதான் சரி என்று இந்த நிருபருக்குத் தோன்றுகிறது. மியூசியத்தில் வைக்கிறவர் பழைய கட்சியில் சேரட்டும்.

விஷத் தூள்

இனி மேல் பாகம். பழைய வார்னிஷைச் சூடு காட்டிச் சுரண்ட வேண்டும். பிறகு உப்புத்தாள். மர ரேகையின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே ஒரு இழுப்பு இழுத்தாலும் கலர் ஏறும்போது கோடு காட்டிக்கொடுக்கும். கலர் பூசி, நுண் துளைகளை அடைத்து, அப்புறம் வார்னிஷ். ஒன்றிரண்டு கைகள் அல்ல, பத்துக்கு மேல்! ஒவ்வொரு கைக்கும் நடுவே மறுபடி உப்புத்தாள்.

அடிவயிற்றில் அப்பியிருக்கும் பழைய சிவப்பு பெயிண்டை மட்டும் சும்மா தேய்க்கக்கூடாது. அந்தக் காலத்தில் அதில் ஈயம் கலப்பார்கள். தேய்த்தால் தூள் பறக்கும். மூக்கில் போகும், சட்டையில் ஒட்டும். அந்தச் சட்டையோடு அப்பா வீட்டுக்குள் வந்து பிள்ளையைத் தூக்கினால்? சின்னப் பிள்ளைகளின் மூளையைத்தான் ஈயம் முதலில் தாக்குகிறது. 1978-ல் அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தைத் தடை செய்தார்கள். ஆனால் 1950-ல் அடித்த பெயிண்ட் இன்னும் படகிலேயே இருக்கிறதே!

துணி எரித்த 38 மாடி

இதைவிடப் பயங்கரம், வேலை முடிந்து மூலையில் போடும் எண்ணெய்த் துணி. துணியா? சிரிக்காதீர்கள்.

1991 பிப்ரவரி 23. சனிக்கிழமை இரவு. பிலடெல்பியா நகரில் "ஒன் மெரிடியன் பிளாசா" என்ற 38 மாடி ஆபீஸ் கட்டடம். 22-வது மாடியில் சுவர்ப் பலகைகளுக்குப் பாலிஷ் வேலை நடந்து வந்தது. லின்சீட் ஆயில், அதாவது ஆளி விதை எண்ணெய், துடைத்த துணிகளை அப்படியே குவித்துவிட்டுத் தொழிலாளர்கள் போய்விட்டார்கள்.

பீடி இல்லை. தீக்குச்சி இல்லை. மின்கசிவும் இல்லை. துணிக் குவியல் தானாகவே பற்றிக்கொண்டது!

சுமார் 19 மணி நேரம் எரிந்தது. மாடி மாடியாக ஏறியது. குழாயில் தண்ணீருக்கு வேகம் போதவில்லை. புகையில் வழி தெரியாமல் மாட்டிக்கொண்ட தீயணைப்பு வீரர்கள் 3 பேர் பரிதாபமாக இறந்தார்கள். 30-வது மாடியில் தானாகத் தண்ணீர் பீய்ச்சும் கருவிகள் இருந்தன. வெறும் பத்துக் கருவிகள் திறந்துகொண்டு தீயை அங்கே நிறுத்தின. கட்டடம் மறுபடி உபயோகத்துக்கு வரவே இல்லை. 1999-ல் இடித்தார்கள்.

எப்படித் தானாகப் பற்றுகிறது? இந்த எண்ணெய், தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. காற்றில் உள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு காய்கிறது. அப்போது சூடு பிறக்கும். துணியை விரித்துப் போட்டால் சூடு காற்றோடு போய்விடும். கசக்கிக் குவித்தால் உள்ளேயே ஏறி ஏறி, சில மணி நேரத்தில் தீயாகும். ஆள் படுக்கப் போன பிறகு!

படகுக்குப் பூசும் எண்ணெய்க் கலர், வார்னிஷ் பலவற்றிலும் இப்படிக் காயும் எண்ணெய்தான். ஷெட்டில் மரத்தூள், தின்னர், பெட்ரோல். ஷெட்டுக்கு மேல் மாடியில் பிள்ளைகள் தூங்கும். துணியை வெளியே கொடியில் தனித்தனியாக விரித்துக் காயவிட வேண்டும். அல்லது தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு இறுக்கி மூட வேண்டும். செலவு ஒரு காசு இல்லை.

நம்மூர் மரக்கடை, பாலிஷ் பட்டறைக்காரர்களும் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். பனியன் வேஸ்ட்டை எங்கே வீசுகிறீர்கள்?

தண்ணீரில் இறங்கும் நாள்

கடைசியாக ஏரிக்குப் போகும் நாள். பழைய முறையில் கட்டிய படகு இறங்கியதும் ஒழுகும். பயப்பட வேண்டாம். ஷெட்டில் காய்ந்த பலகை தண்ணீரைக் குடித்துப் பருக்க வேண்டும். அதுவரை பெல்ட்டில் தொங்கவிட்டு, பம்பு வைத்து இறைத்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு மூன்று நாளில் இடுக்குகள் தானே மூடிக்கொள்ளும்.

அவசரக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? இடுக்கைப் பார்த்துப் பதறி, காய்ந்தால் கல்லாகும் பட்டியைத் திணித்துவிடுகிறார்கள். பலகை பருக்கும்போது போக இடம் இருக்காது. உள்ளே விலாச் சட்டம் படீர் என்று முறியும். பட்ட பாடு அத்தனையும் ஒரு வாரத்தில் காலி!

ஒழுகல் நின்றபின் எஞ்சின். இங்கேதான் இரண்டாவது எமன். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. காரில் கசிந்தால் தரையோடு போய்விடும். படகில் போக வழி இல்லை. அடிவயிற்றில் குளம் மாதிரி தேங்கும். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டரில் ஒரு பொறி. அவ்வளவுதான்.

கார்புரேட்டரிலிருந்து தீ திரும்பி வந்தால் தடுக்க ஒரு சல்லடை மூடி உண்டு. 1940 ஏப்ரல் 25-க்குப் பிறகு படகுக்குள் பொருத்திய பெட்ரோல் எஞ்சினுக்கு அது கட்டாயம் என்று அமெரிக்கச் சட்டம் சொல்கிறது. பழைய படகுகளில் அது தொலைந்து போயிருக்கும். சிலர் மலிவாகக் கிடைக்கிறதே என்று கார் ஸ்டார்ட்டர், கார் டைனமோவை மாட்டிவிடுகிறார்கள். பார்க்க ஒரே மாதிரிதான். படகுக்கென்று செய்ததில் பொறி வெளியே வராதபடி அடைத்திருக்கும். காருக்குச் செய்ததில் அந்த அடைப்பு இல்லை.

ஆவியை வெளியே தள்ள ஒரு சின்ன மின்விசிறி உண்டு. எஞ்சினைக் கிளப்புமுன் அதைக் குறைந்தது 4 நிமிடம் ஓட்ட வேண்டும் என்று அமெரிக்கக் கடலோரக் காவல் படை எச்சரிக்கிறது. கரையில் சொந்தக்காரர்கள் கேமராவோடு நிற்பார்கள். "கிளப்பு, கிளப்பு" என்று கத்துவார்கள். கத்தட்டும். வாட்சைப் பார்த்து 4 நிமிடம் முடிந்ததும், எஞ்சின் மூடியைத் திறந்து, குனிந்து மோந்து பார்க்க வேண்டும். பெட்ரோல் வாசனை இல்லை என்றால்தான் சாவியில் கை வைக்கலாம்.