ஒந்தோகிராஃப்: மின்னலையை மையால் வரைந்த கருவி

நொடிக்கு 50 முறை திரும்பத் திரும்ப ஏறி இறங்கும் மாறுதிசை மின்னழுத்தம், ஓர் அலையை 20 மில்லிநொடியில் முடித்துவிடுகிறது. பேனாவுக்கும் அதைத் தாங்கும் கைக்கும் எடை உண்டு என்பதால், அவற்றால் இந்த வேகத்தைப் பின்தொடர முடியாது. வோல்ட்மீட்டரோ அலையின் பயனுறு மதிப்பை, அதாவது அதே வெப்பத்தைத் தரக்கூடிய நேர்மின்னழுத்தத்தின் அளவை, ஒற்றை எண்ணாகத் தருகிறதே தவிர, அலை சீராக வளைகிறதா, ஊசிமுனைபோல் கூர்ந்து நிற்கிறதா என்பதைச் சொல்வதில்லை. மாறுதிசை மின்சாரம் நகரங்களுக்குப் பரவிய 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்த அறியாமை ஆபத்தானதாகவே இருந்தது. ஏனெனில் மீட்டரில் ஒரே அளவைக் காட்டும் இரண்டு அலைகளுள் கூர்முகடு உடையது, மற்றது தொடாத கம்பிக் காப்பைத் துளைத்துவிடக்கூடும்.

பிரெஞ்சு இயற்பியலாளர் ஜூல் ஜூபேர் 1880இல் இதற்கு ஒரு வழி கண்டார். மின்னாக்கியின் அச்சிலேயே ஒரு தொடுமுனையைப் பொருத்தி, ஒவ்வொரு சுற்றிலும் குறித்த ஒரு கணத்தில் மட்டும் சுற்று இணையுமாறு செய்து, அக்கணத்தின் மின்னழுத்தத்தை அளந்தபின், தொடுமுனையைச் சிறிது நகர்த்தி அடுத்த கணத்தை அளப்பதே அவரது முறை. புள்ளிகளைத் தாளில் குறித்து இணைத்தால் அலைவடிவம் தோன்றும் என்றாலும், ஒரு வளைவை முடிப்பதற்குள் நெடுநேரம் கழிந்துவிடும்.

இந்தப் பொறுமையான உழைப்பைப் பற்சக்கரங்களிடம் ஒப்படைத்தவர், அதே நாட்டுப் பொறியாளர் எதுவார் ஒஸ்பிதாலியே. அலை என்னும் பொருள்தரும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பெயர்பெற்ற அவரது ஒந்தோகிராஃபில், அளக்கப்படும் மின்சாரமே ஓர் ஒத்தியங்கு மோட்டாரை, அதாவது அலையின் தாளத்துக்குப் பிசகாமல் சுழலும் மோட்டாரை, ஓட்டுகிறது. அதனோடு பற்சக்கரங்களால் பிணைக்கப்பட்ட திசைமாற்றி, மோட்டார் 900 முறை சுழலும்போது 899 முறையே சுழல்கிறது. இந்த ஒரு சுற்றுக் குறைவில்தான் கருவியின் நுட்பம் முழுவதும் அடங்கியுள்ளது. திசைமாற்றி ஒவ்வொரு முறை தொடும்போதும் அக்கண மின்னழுத்தத்தை ஒரு மின்தேக்கியில் ஏற்றி, உடனே அதை, மின்னோட்டத்துக்கேற்ப முள் அசையும் கால்வனோமீட்டர் வழியாக இறக்கிவிடுகிறது. அடுத்த தொடுகை அலையில் இம்மி பின்தள்ளி விழுகிறது. சுழலும் ராட்டினத்தைச் சுற்றுக்கு ஒரு படமாக, ஒவ்வொரு முறையும் சற்றே தாமதித்து எடுத்து வரிசையாக அடுக்கினால், அது மெல்ல நகர்வதாகத் தெரியும் அல்லவா? இங்கும் அப்படியே நிகழ்கிறது. நொடிக்குப் பலமுறை வரும் சிறு மின்னிறக்கங்களுக்கு முள் தனித்தனியே துள்ளாமல், அவற்றின் சராசரிக்கேற்ப நிதானமாக ஏறி இறங்க, அதன் நுனியிலுள்ள பேனா சுழலும் உருளைத் தாளில் அலையை மையால் வரைந்து செல்கிறது.

இவ்வாறு வரையப்பட்ட வளைவு எந்த ஒரு தனி அலையின் உருவமும் அன்று. நூற்றுக்கணக்கான அலைகளிடம் ஆளுக்கொரு புள்ளியாகப் பெற்றுத் தொகுத்தது. எனவே அலைகள் மாறாமல் திரும்ப வந்தால் மட்டுமே அது உண்மையைச் சொல்லும். விசையை மூடும் நொடியில் எழுந்து மறையும் மின்பாய்ச்சலை அது தவறவிடும். அத்தகையவற்றைப் பிடிக்க, ஆந்த்ரே புளோந்தேல் 1893இல் முன்வைத்து, வில்லியம் டட்டெல் 1897இல் செம்மைப்படுத்திய அலைவுவரைவி வேண்டியிருந்தது. காந்த முனைகளுக்கிடையே இழுத்துக் கட்டிய மெல்லிய உலோக இழைகளில் ஒட்டிய சிறு கண்ணாடி அசைய, அதில் பட்டுத் திரும்பும் ஒளிக்கற்றை, எடையற்ற பேனாவாகி ஒளிப்படத் தகட்டில் எழுதியது. ஆனால் அதற்கு வில்விளக்கும் இருட்டறையும் தேவைப்பட்டன. ஒந்தோகிராஃபோ பட்டப்பகலில், பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாளை நீட்டியது. ஓர் இயந்திரப் பேனாவின் மந்தத்தையே வழியாக்கிக்கொண்ட அந்தத் துணிவு பாராட்டத்தக்கது.

எதிர்மின்கதிர்க் குழாய் வந்தபின் இரண்டும் வழக்கொழிந்தன. எனினும், மிக விரைந்து திரும்பிவரும் சைகைகளைக் குழாய்த்திரையாலும் பின்தொடர முடியாமற்போனபோது எழுந்த மாதிரியெடுப்பு அலைநோக்கிகளில், ஒரு மின்தேக்கி ஓர் அலையிலிருந்து ஒரு கணத்தின் அழுத்தத்தைப் பிடித்துவைத்துவிட்டு, அடுத்த அலையில் இம்மி தள்ளி இன்னொன்றைப் பிடிக்கிறது.