இரண்டு ஈயம்

ஆராய்ச்சி மாணவியாக இருந்த காலத்தில், ஒரு தீபாவளிக்கு இடது மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு ஊருக்குப் போனேன். அம்மா கட்டை அவிழ்த்துப் பார்த்தாள்.

"என்னடி, எண்ணெய் தெறிச்ச மாதிரி இருக்கு?"

"எண்ணெய் இல்லம்மா. லேப்ல ஒரு ஈய மருந்து. பட்டதே தெரியல."

"ஈயமா? அடுப்புல ரசம் கொதிக்குதே, அது என்ன சொம்புன்னு நினைச்சே? உங்க பாட்டி காலத்துலேர்ந்து அதுலதான் குடிக்கிறோம். ஈயம் யாரைச் சுட்டுச்சு?"

எனக்கு அப்போது பொறுமை இல்லை. "அது வேற ஈயம்" என்று சொல்லிவிட்டு அதிரசத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். யோசித்துப் பார்த்தால் நல்ல கேள்வி. பிறகு இருபத்தெட்டு வருடம் வேதியியல் பாடம் நடத்தினேன். ஒரு மாணவர்கூட அதை என்னிடம் கேட்கவில்லை.

ரசச் சொம்பு வெள்ளீயம், ஆங்கிலத்தில் டின். செய்தவர் காரீயம் கலக்காதவரை அதனால் கெடுதல் இல்லை. வெள்ளீயம் துளி வயிற்றுக்குள் போனாலும் உடம்பு அதில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளாமல் வெளியே தள்ளிவிடும். சொம்புக்கு இருப்பது ஒரே விதி: முதலில் ரசம், பிறகு அடுப்பு. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். உள்ளே ரசம் கொதித்துக்கொண்டிருக்கும்வரை சொம்பு அந்தச் சூட்டுக்குப் போகாது. வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்குப் போனவர் ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. எங்கள் வீட்டில் அது அத்தை.

என்னைச் சுட்டது ட்ரைபியூட்டைல்டின் ஹைட்ரைடு. லேபில் யாரும் முழுப் பெயரைச் சொல்ல மாட்டோம். 'டின்' என்றால் அதுதான். பார்த்தால் தண்ணீர். மூலக்கூறின் ஓரிடத்தில் இருக்கும் புரோமினையோ அயோடினையோ கழற்றிவிட்டு அங்கே ஹைட்ரஜனைப் பொருத்த இதைப் போல ஒழுங்காக வேலை செய்கிற பொருள் குறைவு. 1975இல் பார்ட்டனும் மெக்கோம்பியும் இதைக் கொண்டே ஆல்கஹாலிலிருந்து ஆக்சிஜனைக் கழற்றும் வழியைக் கண்டுபிடித்த பிறகு, சர்க்கரை மூலக்கூறுகளோடு மல்லுக்கட்டுகிற லேப்களில் இந்தப் புட்டி நிரந்தரமாகக் குடியேறியது.

அன்று சாயங்காலம் ரப்பர் மூடி வழியாக ஊசியைச் செலுத்தி இரண்டு மில்லி எடுத்தேன். ஊசியை வெளியே இழுக்கும்போது நுனியில் ஒரு சொட்டு நின்றிருக்க வேண்டும். கையுறை முடிகிற இடத்தில், கைக்கடிகாரத்தின் தோல் பட்டையில் அது விழுந்திருக்கிறது. எரிச்சல் இல்லை, வலி இல்லை. ஹாஸ்டலுக்குப் போய்ச் சாப்பிட்டேன், படித்தேன், தூங்கினேன். நடு இரவில் அரிப்பு. காலையில் பார்த்தால் பட்டையின் அகலம் மாறாமல் சிவந்து, நடுவில் கொப்புளம்.

என் சீனியர் அக்கா திட்டவில்லை. "டின் பட்டா அப்பவே தெரியாதுன்னு சொன்னேன்ல?" என்றாள். கடிகாரத்தைக் கழற்றி, பட்டையைக் கத்தரித்துக் கழிவு டப்பாவில் போட்டாள். தோல் பட்டை எண்ணெய் குடிப்பதுபோல இதையும் குடிக்கும், கழுவினால் போகாது என்றாள். வெறும் கடிகாரத்தை என் பையில் போட்டுவிட்டு டாக்டரிடம் அழைத்துப் போனாள்.

சொம்பில் இருப்பதும் புட்டியில் இருப்பதும் ஒரே தனிமம், வெள்ளீயம். இனி நான் ஈயம் என்பது அதைத்தான். ஈய அணுவுக்கு நான்கு கைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொம்பில் ஈயம் ஈயத்தோடு கைகோத்து நிற்கிறது. புட்டியில் மூன்று கைகள் கார்பன் சங்கிலிகளைப் பிடித்திருக்கின்றன. சங்கிலி பிடித்த ஈயம் எண்ணெயின் குணத்துக்கு வந்துவிடும். தோலிலுள்ள கொழுப்பில் கரைந்து உள்ளே இறங்கும், அங்கிருந்து மூளைவரை போகும். செல்லுக்குள் போனால், உணவிலிருந்து ஆற்றல் எடுக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் வேலையைக் கெடுக்கும். மூன்று கையிலும் சங்கிலி இருக்கும் வகைதான் மிகக் கொடியது. சங்கிலியின் நீளமும் முக்கியம். ஒரு கார்பன், இரண்டு கார்பன் என்றால் மனித நரம்புக்கு ஆபத்து. எட்டு கார்பன் சங்கிலி என்றால் நஞ்சு வெகுவாகக் குறைந்துவிடும்; பி.வி.சி. பிளாஸ்டிக் சூட்டில் சிதையாமல் இருக்க அந்த வகையைச் சேர்க்கிறார்கள்.

சங்கிலி பிடித்த ஈயத்தை முதலில் செய்தவர் எட்வர்ட் பிராங்க்லாண்ட் என்ற ஆங்கிலேயர், 1849இல். அவர் செய்தது டைஎதில்டின் டைஅயோடைடு. நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1954இல், பிரான்சில் அதே பொருள் 'ஸ்டாலினோன்' என்ற பெயரில் காப்ஸ்யூலாக மருந்துக் கடைக்கு வந்தது. கொப்புளக் கட்டிக்கான மருந்து. இரண்டு சங்கிலி உள்ள அந்தப் பொருளோடு மூன்று சங்கிலி உள்ள ட்ரைஎதில்டினும் கலந்திருந்தது. விழுங்கியவர்களுக்கு அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. நாலைந்து நாள் கழித்துத் தாங்க முடியாத தலைவலி, வாந்தி, வெளிச்சத்தைக் கண்டால் கூச்சம். மூளையின் வெள்ளைப் பகுதியில் நீர் கோத்து வீங்கியிருந்தது. இருநூறுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள், நூறு பேரளவில் இறந்தார்கள். கட்டிக்கு மருந்து சாப்பிட்டவர்கள்!

ஒரு கார்பன் வகையான ட்ரைமெதில்டின் குளோரைடு இன்னும் தந்திரமானது. அது திடப்பொருள்; ஆனால் 38 டிகிரி வாக்கில் உருகிவிடும். சித்திரை மாதத்தில் ஏசி இல்லாத ஸ்டோர் ரூமில் வைத்தால் புட்டிக்குள் தானே உருகும். ஆவியாகவும் சுலபமாகப் பறக்கும். ஜெர்மனியில் டைமெதில்டின் தயாரித்த ஆலையொன்றில் கொப்பரை கழுவிய ஆறு தொழிலாளர்களுக்கு என்ன ஆயிற்று என்று 1987இல் நரம்பியல் மருத்துவர்கள் எழுதிய கட்டுரை உண்டு. அவர்கள் மூச்சில் இழுத்தது ட்ரைமெதில்டின். காது மந்தமாயிற்று, இடம் காலம் குழம்பியது, நினைவு போயிற்று, கோபம் கட்டுக்கடங்கவில்லை, வலிப்பு வந்தது. ஒருவர் இறந்தார், இருவர் கடைசிவரை பழையபடி ஆகவில்லை. நினைவைப் பதிய வைக்கும் மூளைப் பகுதியைத் தேடிப்போய்க் கெடுக்கிற நஞ்சு அது.

என் ட்ரைபியூட்டைல் வகை மனிதரைவிட நத்தைக்குப் பெரிய எமன். கப்பலின் அடிப்பாகத்தில் பாசியும் கொட்டலசும் ஒட்டாமலிருக்க ட்ரைபியூட்டைல்டின் கலந்த பெயின்டை உலகம் முழுக்கப் பூசினார்கள். பிரான்சின் ஆர்காஷோன் விரிகுடாவில் சிப்பிகளின் ஓடு தடித்தது, குஞ்சுகள் பிழைக்கவில்லை. 1982இல் சிறு படகுகளுக்கு அந்தப் பெயின்டை பிரான்ஸ் தடுத்தது. இங்கிலாந்தின் கரைகளில் பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்து, முட்டையிட முடியாமல் போயிற்று. லிட்டருக்கு ஒரு நானோகிராம் போதும் அதற்கு. பத்தாயிரம் லிட்டர் தண்ணீர் லாரி ஒரு லட்சம். அத்தனையிலும் சேர்த்து ஒரே ஒரு கிராம். கப்பல்களுக்கான உலகத் தடை 2001இல் ஒப்பந்தமாகி 2008இல்தான் நடைமுறைக்கு வந்தது.

இந்தக் கணக்கு தெரிந்த பிறகு லேப் சிங்க்கில் சிரிஞ்ச் கழுவுகிறவரைப் பார்த்தால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும்.

காற்றில் சங்கிலி பிடித்த ஈயத்துக்கு அமெரிக்கத் தொழிலிட விதி வைத்திருக்கும் வரம்பு, கனமீட்டருக்கு 0.1 மில்லிகிராம் ஈயம். பத்தடிக்குப் பத்தடி அறைக்குக் கணக்குப் போட்டால் ஒரு கடுகின் எடையளவு. ஆகவே புட்டியைத் திறப்பது, காய்ச்சுவது, கரைப்பானை வடிப்பது எல்லாம் ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃப்யூம் ஹூடுக்குள்தான். வேலை முடிந்து வெளியே எடுத்து எடை போடுகிற அந்த ஒரு நிமிடத்தில்தான் பிள்ளைகள் கோட்டை விடுவார்கள்.

கையுறைக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மெல்லிய லேடெக்ஸ் கையுறை இதற்கு வேலி அல்ல. 1996இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் கேரன் வெட்டர்ஹான் என்ற பேராசிரியரின் கையுறையில் டைமெதில் மெர்க்குரி சில சொட்டு விழுந்தது. அது பாதரசம், ஈயமல்ல. ஆனால் உலோகத்தில் கார்பன் கோத்த அதே குலம். லேடெக்ஸைத் துளைத்து உள்ளே போனது மாதங்கள் கழித்துத்தான் தெரிந்தது. மறு வருடம் ஜூனில் இறந்துபோனார். நைட்ரைல் கையுறை இரண்டாகப் போடு, கோட்டின் கையை அதற்குள் செருகு, சொட்டு விழுந்தால் 'அப்புறம்' என்று சொல்லாமல் அப்போதே கழற்று என்பேன். கடிகாரம், மோதிரம், கயிறு எதுவும் மணிக்கட்டில் கூடாது. சாமிக் கயிற்றைக் கழற்றச் சொன்னதற்காக ஒரு பையன் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

தோலில் பட்டுவிட்டால், வலிக்கிறதோ இல்லையோ, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம். நனைந்த துணியைக் கழற்றிவிட வேண்டும். பிறகு டாக்டர், கையில் பொருளின் பாதுகாப்புக் குறிப்புத் தாளையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும், ஏனென்றால் 'டின்' என்று சொன்னால் டாக்டரும் என் அம்மாபோலத்தான் கேட்பார். இதற்கென்று முறிமருந்து கிடையாது.

வினை முடிந்த பின் ஈயம் எங்கே போகிறது? தயாரித்த பொருளோடு ஒட்டிக்கொண்டு வரும், லேசில் விடாது. பொட்டாசியம் ஃப்ளூரைடு கரைசலைச் சேர்த்துக் கலக்கினால் ஈயம் வெள்ளைத் திடப்பொருளாகத் திரண்டு இறங்கும். வடிகட்டித் தனி டப்பாவில் சேர்க்கலாம். மருந்துக் கம்பெனிகள் இந்தத் தலைவலியே வேண்டாம் என்று சிலிக்கான் கொண்ட மாற்றுப் பொருள்களுக்குப் போய்விட்டன. விலை அதிகம். எங்கள் மாதிரி லேப்களில் இன்னும் டின்தான் ஓடுகிறது.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய மாதம் லேப் குளிர்பெட்டியைக் காலி செய்தேன். பின்வரிசையில் ஒரு பழுப்புப் புட்டி. டின் ஹைட்ரைடு கிடக்கக் கிடக்கச் சிதைந்து ஹைட்ரஜனை விடும். ரப்பர் மூடி உப்பி நின்றது. லேபிளில் பாதி அழிந்து 'பியூட்டை' என்பது மட்டும் மீதி. கையெழுத்து என்னுடையது. வேலையில் சேர்ந்த வருடம் நான் வாங்கி வைத்தது. ஹூடுக்குள் வைத்து, கண்ணாடித் தடுப்பை இறக்கி, மெல்லிய ஊசி செருகி அழுத்தத்தை விட்டேன். மூன்றாம் நாள் அபாயக் கழிவு வேன் வந்தது. ரசீதில் எழுதியிருந்தார்கள்: புட்டி ஒன்று, எடை 410 கிராம்.