மாத்திரைப் பை மட்டும் போதாது

ஆந்திராவின் நகரி, புத்தூர்ப் பக்கத்து முதியவருக்கு சர்க்கரைக்குத் திருப்பதி ரூயா அரசு மருத்துவமனையில் ஒரு மருந்துச் சீட்டு, இதயத்துக்கு வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் ஒன்று, மூட்டுவலிக்குச் சென்னையில் ஒன்று இருப்பது புதிதல்ல. அவரை முதியோர் இல்லத்தில் சேர்க்கும்போது பெரும்பாலும் கூடப் போவது ஒரு பையும் பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகளும்தான். மருந்தின் பெயர் அச்சான ஓரம் பல அட்டைகளில் கிழிந்தே போயிருக்கும். எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, எதற்காக, எதுவரை, எது நிறுத்தப்பட்டது என்று மருத்துவர் கையெழுத்திட்ட முழுப் பட்டியல் இல்லாமல் சேர்க்கவே கூடாது என்பேன். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறை மட்டுமே. தினமும் கொடுத்தால் எலும்பு மஜ்ஜை பாதித்து உயிரே போகலாம். டெல்மா, டெல்மிகைண்ட் என்று இரு சீட்டுகளில் இருப்பது ஒரே டெல்மிசார்டன்தான். இரண்டையும் விழுங்கினால் ரத்த அழுத்தம் சரிந்து முதியவர் விழலாம். வலிப்பு மாத்திரை விடுபட்டால் வலிப்பு திரும்பலாம். ‘பழைய மருந்தையே தொடரவும்’ என்ற ஒரு வரி இதில் எதையும் தடுக்காது. உலக சுகாதார நிறுவனம் 2017இல் தொடங்கிய மருந்துப் பாதுகாப்பு இயக்கமும், நோயாளி ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் மாறும் கட்டத்தைத் தனிக் கவனத்துக்குரியதாக வைத்திருக்கிறது.

இல்லம் ஆஸ்பத்திரி இல்லையே, அங்கே டாக்டர் எங்கே என்று கேட்பார்கள். அதனால்தான் எழுத்தில் வேண்டும். மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் நர்ஸ் பயிற்சி இல்லாத ஆயாவாக இருக்கலாம். அவருக்குத் தெலுங்கும் தமிழும் வரும், ஆங்கிலச் சீட்டு பிடிபடாது. அரசு மருத்துவமனைக் கூட்டத்தில் டாக்டருக்கு நேரமில்லை என்பதும் நியாயமே. குடும்பமே எல்லாச் சீட்டையும் பார்த்து ஒரே தாளில் எழுதி, மருந்தாளரிடம் சரிபார்த்து எடுத்துப் போனால், டாக்டர் திருத்திக் கையெழுத்திடுவது சில நிமிட வேலை.

இந்தப் பட்டியலைக் கேட்பது சலுகை அல்ல. இந்திய மருத்துவக் கவுன்சில் வகுத்த 2002 விதிகளின்படி, கேட்டால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை ஆவணங்களைத் தர வேண்டும். மருந்தின் மூலப்பெயரைத் தெளிவாக எழுத வேண்டும் என்று 2016இல் திருத்தமும் வந்தது. கட்டணம் வாங்கும் இல்லத்தின் கவனக்குறைவால் பாதிப்பு வந்தால், இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். இல்லத்துக்குக் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. கட்டணமே வாங்காத அறக்கட்டளை இல்லத்துக்கு இந்த வழி பொதுவாகப் பொருந்தாது. அங்கே மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டும், 14567 என்ற முதியோர் உதவி எண்ணிலும் வழி கேட்கலாம். எங்கே போனாலும் முதலில் கேட்பது ஆதாரம்தான். ஆகவே பட்டியலை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் இல்லத்தின் கையெழுத்தும் தேதியும் வாங்கி வீட்டில் வையுங்கள்; மருந்து மாறும்போதெல்லாம் இதையே திரும்பச் செய்யுங்கள்.