மாற்றக் குறிப்பும் பிழை பார்க்கும் நிரலும்

மென்பொருள் ஒருமுறை எழுதி முடித்து அடுக்கில் வைத்துவிடும் நூலன்று, நாள்தோறும் திருத்தப்பெறுவது. திருத்தம் ஒன்றைத் தொகுப்பில் பதியும் நிரலாளர், எதனை மாற்றினார், ஏன் மாற்றினார் என்பதைச் சில வரிகளில் எழுதி அதனுடன் சேர்த்து வைக்கிறார். துறையினர் இதனைக் 'கமிட் மெசேஜ்' என்பர். நாம் இங்கு 'மாற்றக் குறிப்பு' என வழங்குவோம்.

இச்சிறு குறிப்பில் நேரும் எழுத்துப்பிழையைப் பொருட்படுத்த வேண்டுமா என்று மாணவர் வினவக்கூடும். வேண்டும் என்பதற்குக் காரணம், பதிவு அமையும் முறையிலேயே உள்ளது. லினக்ஸ் கருநிரலின் வளர்ச்சிக்கெனக் 'கிட்' என்னும் கருவியை லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் உருவாக்கினார். அதில் ஒவ்வொரு பதிவுக்கும் 40 குறிகள் கொண்ட அடையாள எண் ஒன்று கணிக்கப்படுகிறது. நிரலின் நிலை, எழுதியவர் பெயர், நேரம், முந்தைய பதிவின் எண் ஆகியவற்றோடு மாற்றக் குறிப்பின் எழுத்துகளும் அக்கணிப்பில் சேர்கின்றன. ஆதலின் குறிப்பில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் அப்பதிவின் எண் மாறும். அதன்மேல் எழுந்த பதிவுகள் அனைத்தின் எண்களும் மாறும். பலர் படியெடுத்துப் பணியாற்றும் பொதுத் தொகுப்பில் அவ்வாறு செய்தால் அவரவர் படிகள் ஒன்றோடொன்று பொருந்தாமற் போகும். எனவே, பிழை பதிந்தபின் அதனைப் பொறுத்துக்கொள்வதே வழக்கம். பதியும் முன்னரே பிழை பார்க்க வேண்டிய தேவை இங்குதான் எழுகிறது.

கிட் அதற்கு வாயில் ஒன்று வைத்திருக்கிறது. குறிப்பை எழுதி முடித்ததும், பதிவு நிகழுமுன், 'கமிட்-எம்எஸ்ஜி' என்னும் பெயருடைய சிறு நிரல் இருப்பின் அது இயக்கப்படும். குறிப்பு அடங்கிய கோப்பின் பெயர் அந்நிரலிடம் கொடுக்கப்படும். அது சுழியத்தை விடையாகத் தந்தால் பதிவு தொடரும். வேறு எண்ணைத் தந்தால் நிற்கும். ஆயினும் தொகுப்பைப் படியெடுக்கும்பொழுது இந்நிரல் உடன் வாராது. விரும்பாதவர் ஒரு கட்டளைச் சொல்லால் அதனைத் தாண்டியும் போகலாம். ஆகவே பெருந்திட்டங்கள் பொது வழங்கியிலும் அச்சோதனையை மீண்டும் நடத்துகின்றன.

லினக்ஸ் கருநிரலில் 'செக்பேட்ச்' என்னும் பெர்ல் மொழி நிரல் இப்பணியைச் செய்கிறது. அது பிழை தேடும் முறை மொழியாசிரியர் கருதத்தக்கது. சரியான சொற்களின் அகராதியை வைத்து, அதில் இல்லாதவற்றையெல்லாம் பிழையெனக் காட்டுவது ஒரு முறை. ஆனால் மாற்றக் குறிப்பில் செயற்கூறுகளின் பெயர்களும் கருவிகளின் சுருக்கங்களும் நிறைந்திருக்கும். அவை எந்த அகராதியிலும் இரா. அம்முறையைக் கையாண்டால் எச்சரிக்கைகள் மலிந்து, எவரும் அவற்றைப் படியாமல் விடுவர். ஆகவே செக்பேட்ச், மக்கள் வழக்கமாகச் செய்யும் பிழைகளையே பட்டியலிட்டு வைத்திருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் இடப்புறம் பிழை வடிவம், வலப்புறம் திருத்தம். அறியாத சொல்லைக் கண்டால் அந்நிரல் வாளாவிருக்கும். சில பிழைகள் தப்பிவிடும் என்பது உண்மையே. எனினும் அது சொல்லுவதை மக்கள் நம்புவர். விகுதிகள் பல சேர்ந்து சொல் நீளும் நம் தமிழுக்கும் இவ்வழி ஏற்றதென்பது என் கருத்து.

எழுத்துப்பிழையினும் பெருங்கேடு விளைப்பது எண்பிழை. பழைய பதிவு ஒன்றால் நேர்ந்த குறையைப் புதிய திருத்தம் களையுமாயின், அப்பழைய பதிவின் அடையாள எண்ணில் முதல் 12 குறிகளையும் அதன் தலைப்பையும் 'ஃபிக்சஸ்' என்னும் வரியில் தருதல் கருநிரலின் மரபு. முந்தைய வெளியீடுகளைப் பேணுவோர், எவ்வெவற்றுக்கு இத்திருத்தம் தேவை என்பதை அவ்வரியைக் கொண்டு அறிகின்றனர். எண் தவறினால், குறையுள்ள பழைய வெளியீடு கவனத்துக்கு வாராமலே போகக்கூடும். எண்ணும் தலைப்பும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பது நிரலுக்கு எளிது. மனிதக் கண்ணுக்கு அரிது.

வரி 75 குறிகளுக்கு மிகலாகாது என்பது மற்றொரு விதி. இங்கு நமக்கொரு சிக்கல் உண்டு. 'தமிழ்' என்னும் சொல் நம் கணக்கில் மூன்றெழுத்து. யூனிகோடில் 5 குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் 15 பைட்டுகள். பைட்டுகளை எண்ணும் சோதனை நிரல், தமிழில் எழுதிய குறிப்பைப் பாதி வரியிலேயே நீளமெனத் தடுத்துவிடும்.

குறிப்பின் தலைப்பு ஏவல் வினையில் அமைதல் வேண்டும் என்பதும் மரபு: 'திருத்தினேன்' அன்று, 'திருத்து'. தமிழாயின் இடைநிலையே காலத்தைக் காட்டிக்கொடுக்கும். ஆங்கிலத்தில் 'செட்', 'புட்' போன்றவை ஏவலிலும் இறந்த காலத்திலும் ஒரே வடிவின. அங்கே நிரல் தடுமாறும்.

'சிறு பிழையைச் சரிசெய்' என்று மட்டும் ஒருவர் எழுதினால், சொற்பட்டியல், நீளம், ஏவல் ஆகிய சோதனைகள் அனைத்தையும் அத்தலைப்பு கடந்துவிடும். விளக்கப் பகுதி அறவே இல்லையென்றால் செக்பேட்ச் எச்சரிக்கும். பொருளற்ற வரி ஒன்றை அங்கே இட்டுவிட்டால் அதுவும் அடங்கிவிடும். எந்தப் பிழை, ஏன் நேர்ந்தது என்று கேட்பவர், அத்திருத்தத்தைப் படித்து ஏற்கும் சக நிரலாளரே.