தொந்தி கரைய வாயுவா, நடையா?
எலும்பு தேயாமல் இளைப்பது எப்படி?

மாட்டுங்கா 'பைவ் கார்டன்ஸ்' பக்கம் விடியற்காலையில் போனால், கை வீசி நடக்கும் தமிழர்கள் பலரைப் பார்க்கலாம். பேச்சு பெரும்பாலும் சர்க்கரை, மூட்டு வலி, தொந்தி பற்றியதுதான். ஹைட்ரஜன் வாயுவை மூக்கு வழியாக இழுத்தால் உடல் இளைக்கும், எலும்பு வலுக்கும் என்ற விளம்பரங்களும் இப்போது கண்ணில் படுகின்றன. குமாஸ்தா சம்பளத்தில் அதை நம்பிப் பணம் போடலாமா?

உட்கார்ந்தவருக்கே பசி

மேற்கு வங்காளத்தில் ஒரு சணல் ஆலைத் தொழிலாளர்களை ஜீன் மேயர் என்ற அமெரிக்க நிபுணர் ஆராய்ந்து 1956-ல் முடிவை வெளியிட்டார். மூட்டை சுமந்தவர்கள் உழைப்புக்கு ஏற்ப அதிகம் சாப்பிட்டார்கள். ஆனால் எடை கூடவில்லை. நாள் முழுதும் உட்கார்ந்திருந்த கடைக்காரர்களும் குமாஸ்தாக்களும் குறைவாகச் சாப்பிட்டிருக்க வேண்டும் அல்லவா? அதுதான் இல்லை. லேசான வேலை செய்தவர்களை விட அவர்கள் அதிகம் சாப்பிட்டார்கள். எடையும் அவர்களுக்கே அதிகம். உட்கார்ந்தே இருப்பவனுக்குப் பசியின் அளவு தெரிவதில்லை போலும்!

லண்டனில் மாரிஸ் என்ற டாக்டர் பஸ் ஊழியர்களை ஒப்பிட்டார். மாடி பஸ்ஸில் ஏறி இறங்கிய கண்டக்டர்களை விட, உட்கார்ந்து ஓட்டிய டிரைவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்று 1953-ல் எழுதினார். டிரைவர்களின் கால்சட்டை இடுப்பளவும் பெரிது என்பது 1956-ல் தெரிந்தது. யூனிபாரம் தைத்த கணக்கே சாட்சி!

ஒல்லியானவருக்கும் கொழுப்பு

"நான் ஒல்லிதானே" என்று இருக்கவும் முடியாது. புனே கே.இ.எம். ஆஸ்பத்திரி டாக்டர் யாஜ்னிக், லண்டன் டாக்டர் யுட்கினுடன் நிற்கும் படத்தை 2004-ல் 'லான்செட்' பத்திரிகையில் வெளியிட்டார். உயரத்துக்கு எடை என்ற கணக்கில் இருவரும் 22.3. ஆனால் உடலில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்! ஆகவே நம்மவர்கள் தராசை விட டேப்பை நம்புவது நல்லது. ஆணுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரையும், பெண்ணுக்கு 80-ஐயும் தாண்டினால் எச்சரிக்கை.

பட்டினியால் வரும் நஷ்டம்

சோற்றைக் குறைத்து மட்டும் இளைத்தால் கொழுப்போடு எலும்பும் கரையும். அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டிய குண்டானவர்களை ஓராண்டு கவனித்த ஆராய்ச்சி 2011-ல் வெளியானது. உணவைக் குறைத்தவர்களின் இடுப்பெலும்பு அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறைந்தது. உணவைக் குறைத்து, தேகப்பயிற்சியும் செய்தவர்களுக்கு இழப்பு சுமார் 1 சதவீதம்தான்.

காரணம் எளிது. சுமை விழும் இடத்தில் எலும்பு தன்னைக் கட்டிக்கொள்ளும். சுமை இல்லாத இடத்தில் கரையும். விண்வெளியில் மிதக்கும் வீரர்களுக்கு மாதம் சுமார் 1 சதவீதம் இடுப்பெலும்பு போய்விடுகிறது. நீச்சல் இதயத்துக்கு நல்லது. எலும்புக்கு அவ்வளவு உதவாது. படி ஏறுவதும் பாரம் தூக்குவதும் உதவும்.

வாயுவின் கதை

ஹைட்ரஜன் மோகம் தொடங்கியது ஜப்பானில். ரத்த ஓட்டம் தடைப்பட்ட எலிகளின் மூளைச் சேதத்தை இந்த வாயு குறைத்தது என்று ஓட்டா என்ற விஞ்ஞானியின் குழு 2007-ல் எழுதியது. அதன்பின் பல நோய்களுக்கும் சோதனை நடக்கிறது. நல்லதுதான். ஆனால் எலி வேறு, ஆபீஸ் குமாஸ்தா வேறு. தொந்திக்கோ எலும்புக்கோ இது டாக்டர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட சிகிச்சை அல்ல. காற்றில் 4 சதவீதத்துக்கு மேல் சேர்ந்தால் தீப்பற்றக்கூடியது என்பதையும், ஒற்றை அறைக் குடித்தனத்தில் ஸ்டவ் பக்கத்தில் கருவியை வைப்பவர் நினைக்க வேண்டும்.

செலவில்லா வைத்தியம்

உலக சுகாதார நிறுவனம் சொல்வது, வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட வேக நடை. அதோடு இரண்டு நாள் தசைப் பயிற்சி. மாட்டுங்கா ஸ்டேஷன் பாலத்தின் படிகள் இலவசம். தண்ணீர்க் குடம் தூக்குவதும் பயிற்சியே. மார்புவலியோ முழங்கால் வலியோ உள்ளவர்கள் மட்டும் முதலில் டாக்டரைப் பார்க்கட்டும்.

பெரியவர்களுக்குத் தினம் சுமார் 1,000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து தேவை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 கிடைக்கும். பால், முள்ளோடு தின்னும் நெத்திலி மீதியைத் தரும். வெயிலே படாத அறைகளில் முடங்கும் பெண்களுக்கு 'வைட்டமின் டி' குறையும். மாதவிடாய் நின்றபின் எலும்பு வேகமாகத் தேயும் என்பதால், வீட்டில் 50 வயதைத் தாண்டிய அம்மாவையோ அக்காவையோ எலும்பு அடர்த்திப் பரிசோதனை வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்கச் சொல்லலாம். சில நிமிட வேலை; வலி இல்லை.